முதல் காரை மாற்றும்போது: லீஸ் எடுப்பதா, பயன்படுத்திய காரை வாங்குவதா?

முதல் காரை வாங்கும்போது நமக்கு எப்படிப்பட்ட கார் தேவை என்பது நமக்கே சரியாகத் தெரிந்திருக்காது. ஓட்டக் கற்றுக்கொண்ட சூட்டோடு, கையில் இருந்த பணத்துக்குள், வீட்டார் சொன்னதையும் நண்பர்கள் சொன்னதையும் கேட்டு வாங்கிய வண்டியாகவே அது பெரும்பாலும் இருக்கும். இரண்டாவது காரை அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சில ஆண்டுகள் ஓட்டிய அனுபவம் இருக்கிறது. எரிபொருள் போட்ட கணக்கும் சர்வீஸ் ரசீதுகளும் இருக்கின்றன. லீஸ் எடுப்பதா, பயன்படுத்திய காரை வாங்குவதா என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த ரசீதுகளிலேயே இருப்பதால், ஷோரூம் வாசலை மிதிப்பதற்கு முன் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை நிதானமாக உட்கார வேண்டும்.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பது. ஓடோமீட்டர் காட்டும் மொத்தத் தூரத்தைக் காரின் வயதால் வகுத்தால் பழைய சராசரி கிடைக்குமே தவிர, இன்றைய நிலவரம் கிடைக்காது. இடையில் வேலை மாறியிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியிருக்கலாம். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதிலும் அன்றைய ஓடோமீட்டர் அளவைக் குறித்திருப்பார்கள். கடைசி இரண்டு சர்வீஸ்களுக்கு இடையே ஓடிய தூரத்தையும், இடையில் கழிந்த மாதங்களையும் வைத்துக் கணக்கிட்டால் இப்போதைய ஓட்டம் ஏறக்குறையச் சரியாகத் தெரிந்துவிடும். லீஸ் ஒப்பந்தத்துக்கு அச்சாணியே இந்த எண்தான். அதோடு, பின் இருக்கை எத்தனை முறை நிறைந்தது, வண்டி நிழலில் நிற்கிறதா வெயிலில் நிற்கிறதா, நெடுஞ்சாலைப் பயணம் அதிகமா, நெரிசலில் ஊர்வது அதிகமா என்பவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் வேலையிலோ, வசிக்கும் இடத்திலோ, குடும்பத்திலோ மாற்றம் வரக்கூடுமா என்பதையும் மறைக்காமல் யோசித்துப் பாருங்கள். மாற்றம் வரும் என்று தோன்றினால், பாதியில் விலக முடியாத எந்த ஒப்பந்தமும் உங்களுக்கு ஆபத்தானதே.

மாற்றத்தான் வேண்டுமா?

ஒரு பெரிய ரிப்பேர் செலவு வந்த வாரத்தில் காரை மாற்ற முடிவெடுப்பவர்கள் அதிகம். அந்த அவசரம் வேண்டாம். டயர், பேட்டரி, பிரேக் பேட் போன்றவை எந்தக் காரிலும் தேய்ந்து தீர்ந்து மாற்றப்படுபவை; அவற்றை ஒதுக்கிவிட்டு, மற்ற ரிப்பேர்களுக்காகக் கடந்த இரண்டு ஆண்டுகளில் செலவழித்ததைக் கூட்டிப் பாதியாக்குங்கள். வாங்க நினைக்கும் கார் ஓராண்டில் இழக்கப்போகும் மதிப்பையும் அதன் கடனுக்கான ஓராண்டு வட்டியையும் கூட்டி, இதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பழைய காரின் ரிப்பேர் செலவே குறைவாக இருக்கும். கிளட்ச் மாற்றிய கையோடு காரை விற்பது, செலவைச் செய்துவிட்டு அதன் பலனை அடுத்தவருக்குக் கொடுப்பதாகிவிடும்.

பணக்கணக்கைத் தாண்டிய காரணங்களும் உண்டு. அடிச்சட்டத்தில் துரு ஏறியிருந்தாலோ, உதிரிபாகம் கிடைக்காமல் வண்டி வாரக்கணக்கில் பட்டறையிலேயே நின்றாலோ, குழந்தை இருக்கையைப் பொருத்த வசதி இல்லாவிட்டாலோ மாற்றுவது நியாயமே. பாதுகாப்பு எல்லாவற்றையும்விட முக்கியமானது. கார் வழுக்கித் தடம் மாறும்போது தனித்தனிச் சக்கரங்களின் பிரேக்கைத் தானாகவே இயக்கி வண்டியை நேர்ப்படுத்தும் இஎஸ்பி என்ற அமைப்பு 1995-இல் சொகுசுக் கார் ஒன்றில் அறிமுகமாகி, பிறகு சாதாரணக் கார்களுக்கும் வந்துவிட்டது. உங்கள் முதல் காரில் அதுவும் பக்கவாட்டு ஏர்பேக்குகளும் இல்லையென்றால், காரை மாற்றுவதற்கு அந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

லீஸில் எதற்குப் பணம் கட்டுகிறோம்?

லீஸ் என்பது காரின் முழு விலைக்கும் பணம் கட்டாமல், நாம் வைத்திருக்கும் காலத்தில் கார் இழக்கும் மதிப்புக்கும் அந்தப் பணத்துக்கான வட்டிக்கும் மட்டும் மாதந்தோறும் கட்டும் முறை. காலம் முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சில ஒப்பந்தங்களில், தொடக்கத்திலேயே குறித்து வைத்த விலைக்கு அதையே வாங்கிக்கொள்ளவும் இடம் உண்டு. குத்தகைக் காலம் முடியும்போது காரின் மதிப்பு இவ்வளவு இருக்கும் என்று நிறுவனம் முன்கூட்டியே கணித்து வைக்கும் தொகையை எஞ்சிய மதிப்பு என்பார்கள். அது எவ்வளவு உயர்வாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மாதத் தவணை குறையும். ஒரே விலையுள்ள இரண்டு கார்களில், மறுவிற்பனை மதிப்பை நன்றாகத் தக்கவைத்துக்கொள்ளும் காரின் லீஸ் மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். புதுக் காரின் விலை 100 என்றும், மூன்றாண்டு முடிவில் எஞ்சிய மதிப்பு 55 என்றும், ஆண்டு வட்டி 6 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். கார் இழக்கும் மதிப்பு 45. அதை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 1.25. வட்டியைக் கணக்கிட, தொடக்க விலையையும் எஞ்சிய மதிப்பையும் கூட்டி, 0.0025 ஆல் பெருக்குவார்கள். 155-ஐப் பெருக்கினால் மாதம் சுமார் 0.39 வருகிறது. இந்த 0.0025 என்பது ஆண்டு வட்டியான 6-ஐ 2400 ஆல் வகுத்துக் கிடைத்த எண். சில லீஸ் தாள்களில் வட்டி விகிதத்தைக் குறிப்பிடாமல் இப்படியொரு சின்னஞ்சிறு பின்னத்தை மட்டும் போட்டிருப்பார்கள். அதை 2400 ஆல் பெருக்கினால் உண்மையான வட்டி வெளியே வந்துவிடும். ஆக மாதத் தவணை 1.64, மூன்றாண்டுகளில் கட்டுவது ஏறத்தாழ 59. வரியும் கட்டணங்களும் தனி. முடிவில் உங்கள் கையில் கார் இருக்காது.

இப்போது அதே மாதிரிக் காரை, மூன்று வயதான பிறகு, விற்பனையாளரின் லாபத்தையும் சேர்த்து 58-க்கு நீங்கள் வாங்குவதாக எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய கார்களுக்கு வட்டி பொதுவாகச் சற்றுக் கூடுதல் என்பதால் 8 சதவீதம் என்று போடலாம். முழுத் தொகையையும் மூன்றாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 1.82, வட்டி மட்டும் மொத்தம் 7.4. டயர், பிரேக், எதிர்பாராத ரிப்பேர்களுக்கு மூன்றாண்டுகளில் 6 செலவாகிறது என்போம். ஆறு வயதாகும்போது அந்தக் கார் 35-க்கு விலைபோகும் என்றால், இழந்த மதிப்பு 23. மூன்றையும் கூட்டினால் உங்களுக்கு உண்மையில் ஆன செலவு சுமார் 36.

இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதத் தவணையை மட்டும் பார்த்தால் லீஸ்தான் மலிவு, அதுவும் புத்தம்புதுக் காருக்கு. மூன்றாண்டுச் செலவைப் பார்த்தாலோ, பயன்படுத்திய கார் வெகுவாகக் குறைவு. மாதத் தவணையை வைத்தே விற்பனை பேசப்படுவதற்கும், வாங்குபவர் ஏமாந்துபோவதற்கும் இதுவே காரணம். தவணையைக் குறைக்க வேண்டுமானால் கடன் காலத்தை நீட்டினாலே போதும். செலவு குறையாது, வட்டி கூடும். எனவே "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று விற்பனையாளர் கேட்டால் அதற்குப் பதில் சொல்லாமல், காரின் மொத்த விலையை முதலில் பேசி முடியுங்கள். நான் மேலே எடுத்துக்கொண்ட எண்கள் ஒரு மாதிரிக் கணக்குத்தான். உங்களுக்குச் சொல்லப்படும் விலை, வட்டி, காப்பீடு ஆகியவற்றை அதே வரிசையில் பொருத்திப் பார்த்தால் உங்களுக்குரிய விடை கிடைக்கும்.

ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது?

லீஸ் ஒப்பந்தத்தில் கிலோமீட்டர் வரம்பு, அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற அபராதம், பாதியில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, திருப்பிக் கொடுக்கும்போது சாதாரணத் தேய்மானமாக ஏற்றுக்கொள்ளப்படுவது எது என்ற விளக்கம் ஆகியவை இருக்கும். ரசீதுகளிலிருந்து கண்டுபிடித்த ஆண்டு ஓட்டம் வரம்புக்கு மிக அருகில் இருந்தால், கூடுதல் வரம்பை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கட்டும் அபராதத்தைவிட அது பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். தேய்மானத்தைப் பொறுத்தவரை வாய்மொழியை நம்பாமல், எத்தனை சென்டிமீட்டர் வரையிலான கீறல், எத்தனை மில்லிமீட்டர் டயர் பள்ளம், இருக்கைத் துணியில் எந்த அளவுக்குக் கறை என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு குழந்தைகளும் நாய்களும் ஏறி இறங்கும் காருக்கு ஒப்பந்தத்தின் இந்தப் பக்கம் மற்ற எல்லாப் பக்கங்களையும்விட முக்கியமானது.

முன்பணம் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரிய முன்பணம் கட்டினால் தவணை குறையும் என்று சொல்வார்கள், குறையத்தான் செய்யும். ஆனால் சில மாதங்களிலேயே கார் திருடுபோனாலோ, விபத்தில் முற்றிலும் சிதைந்துபோனாலோ காப்பீட்டுத் தொகை காரின் உரிமையாளரான லீஸ் நிறுவனத்துக்கே போய்ச் சேரும். உங்கள் முன்பணம் பொதுவாகத் திரும்பி வராது. மேலும், காப்பீட்டு நிறுவனம் கொடுப்பது காரின் அன்றைய சந்தை மதிப்பைத்தான். ஒப்பந்தப்படி பாக்கியுள்ள தொகை அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசத்தை நீங்களே கட்ட நேரிடும். இந்த இடைவெளியை ஈடுசெய்யும் காப்பீடு ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் தனியாக எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் லீஸ் பொருந்துபவர்கள் இருக்கிறார்கள். ஓட்டம் ஆண்டுதோறும் சீராகவும் வரம்புக்குள்ளும் இருப்பவர், தொழில் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெறக்கூடியவர், குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் கார் தேவைப்படுபவர், ரிப்பேருக்காக ஒரு நாளைக்கூட இழக்க முடியாத வேலையில் இருப்பவர் ஆகியோருக்கு அந்தக் கூடுதல் செலவு நியாயமாகவே அமையலாம். மின்சாரக் கார்களில் இன்னொரு வாதமும் உண்டு: தொழில்நுட்பம் வேகமாக மாறி, மறுவிற்பனை விலை எதிர்பார்த்ததைவிட விழுந்தால், காரைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையுள்ள லீஸில் அந்த நஷ்டம் நிறுவனத்தின் தலையில் விழும். மற்றவர்களுக்கு, குறிப்பாக முதல் காரை நெடுங்காலம் ஓட்டிப் பழகியவர்களுக்கு, மூன்று முதல் ஐந்து வயதுள்ள நல்ல காரைத்தான் நான் பரிந்துரைப்பேன். மதிப்பு செங்குத்தாகச் சரியும் காலம் அதற்குள் முடிந்துவிடும். காரின் ஆயுளோ பாதிக்கும் மேல் மிச்சமிருக்கும்.

பயன்படுத்திய காரைப் பரிசோதிப்பது

விற்பவரிடம் முன்னதாகவே சொல்லி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் தெரியக்கூடிய ஏதோ ஒன்றை மறைக்க வண்டியை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜின் முதல் முறை இயங்கும்போது வரும் தடதடப்பும், பின்னால் வரும் புகையின் நிறமும் நிறையச் சொல்லிவிடும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் அடர்த்தியான வெண்புகை நிற்காமல் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே புகுந்து எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியைத் திறந்து பார்க்கும்போது பால் கலந்ததுபோல் வெளிறிய கூழ் ஒட்டியிருந்தால், இன்ஜினின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி மெக்கானிக்கிடம் கேட்காமல் மேலே பேச வேண்டாம்.

விபத்தில் அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க, பகல் வெளிச்சத்தில் பானெட்டைத் திறந்து, அதன் கீல்களையும் முன்பக்க மட்கார்டுகளையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தொழிற்சாலையில் பொருத்தியபடியே இருந்தால் போல்ட் தலையின் மீதும் பெயின்ட் சீராகப் படிந்திருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் அறுகோண முனைகளில் பெயின்ட் பெயர்ந்து உலோகம் தெரியும். எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்புக் குறி அச்சிட்டிருப்பார்கள். ஒரு கண்ணாடியின் குறி மட்டும் வேறாக இருந்தால் அது ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் அந்த டயர் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் வரிகள், தேயாமல் நிறைய இருந்தாலும் மிகப் பழைய டயரின் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும் என்பதால், டயர்களை உடனே மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கையடக்கப் பெயின்ட் அளவுமானி கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் தடிமனில் இருக்கும், டிங்கரிங் செய்து பட்டி பார்த்த இடத்தில் அது பல மடங்கு காட்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களை எவ்வளவு கழுவினாலும் சீட் பெல்ட் காட்டிக்கொடுத்துவிடும். பெல்ட்டை முழுவதுமாக, அடிவரை, இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைச் சுத்தம் செய்திருந்தாலும், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். கூடவே, இருக்கைகளைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா என்றும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

ஓடோமீட்டரைத் திருத்துவது டிஜிட்டல் காலத்திலும் நின்றபாடில்லை. குறைந்த கிலோமீட்டர் காட்டும் காரில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தாலோ, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கிச் சரிந்திருந்தாலோ அந்த எண்ணை நம்ப வேண்டாம். சர்வீஸ் பதிவுகளில் கிலோமீட்டர் ஒழுங்காக ஏறிக்கொண்டு வந்திருக்கிறதா என்பதே சிறந்த சாட்சி. 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண்ணைப் பதிவுச் சான்றிதழோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். இந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வரா என்பதால், அவற்றில் ஒன்று தென்பட்டால் உடனே விலகிவிடுங்கள்.

சோதனை ஓட்டத்தில் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மேடு பள்ளமான சாலையில் சஸ்பென்ஷன் சத்தத்தையும், ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்ற ஒலி வருகிறதா என்பதையும், ஆளில்லாத நேர்சாலையில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்தால், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். பல இன்ஜின்களில் சுமார் 1,00,000 கிலோமீட்டரை ஒட்டி அதை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே பாழாகலாம். மின்சாரக் காராக இருந்தால் பேட்டரியின் தற்போதைய கொள்ளளவுக்கான அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருவதால், அதில் மிச்சம் எவ்வளவு என்பதும் அது புது உரிமையாளருக்கு மாறுமா என்பதும் விலையை நிர்ணயிக்க வேண்டியவை.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கட்டணம் கொடுத்துக் காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரைப் பொருத்தினால் பிழைக்குறிகள் தெரியும். பிழைகளே இல்லாமல், சுயசோதனைகள் பல இன்னும் முடியவில்லை என்று காட்டினால், பிழைக்குறிகளைச் சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் அப்படிக் காட்டக்கூடும் என்பதால், சில நாட்கள் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் காட்ட விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்; எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. கார் மீது கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் பணம் கைமாறுவதற்கு முன்பே பதிவு அலுவலக ஆவணத்தில் சரிபார்க்க வேண்டும்.

முதல் காரைக் கைமாற்றுவது

பழைய காரைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் எக்ஸ்சேஞ்ச் வசதியானதுதான்; ஆனால் ஒரு பக்கம் நல்ல விலை கொடுப்பதுபோல் கொடுத்து மறுபக்கம் அதைச் சேர்த்து வாங்கிவிட அதில் வழியுண்டு. வாங்கும் விலையைப் பேசி முடித்த பிறகே உங்கள் காரைப் பற்றிய பேச்சை எடுங்கள். அதற்கு முன் குறைந்தது இரண்டு இடங்களில் உங்கள் காருக்கு விலை கேட்டு வைத்திருங்கள். நேரடியாகத் தனிநபருக்கு விற்றால் பொதுவாகக் கூடுதல் தொகை கிடைக்கும், அலைச்சலும் கூடும். பழைய காரில் இன்னும் கடன் இருந்து, அது காரின் விலையைவிட அதிகமாக இருந்தால், அந்தப் பாக்கியைப் புதுக் கடனோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லும் யோசனைக்கு ஒருபோதும் இணங்க வேண்டாம். வாங்கிய நாளிலேயே காரின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகிவிடும். அப்படி ஒரு நிலை இருந்தால், பழைய காரை இன்னும் ஓராண்டு ஓட்டிக் கடனை இறக்குவதே மேல்.

விற்றதும் பெயர் மாற்றம் பதிவாகும்வரை விடாமல் பின்தொடருங்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் வரை, அந்தக் காருக்கு வரும் அபராதமும் விபத்து வழக்கும் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். கொடுத்த தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்த பழைய காருக்கு, முன்னவர் என்ன சொல்லியிருந்தாலும், முதல் மாதத்திலேயே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வைத்தால், அந்தக் காரின் சர்வீஸ் கணக்கு உங்களுக்குச் சந்தேகமில்லாத ஓர் இடத்திலிருந்து தொடங்கும். லீஸ் எடுத்திருந்தால் எவ்வளவு தவணை கட்டியிருப்பீர்களோ, அதற்கும் இப்போது உண்மையில் ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்; டயர் மாற்றும் ஆண்டில் அந்தப் பணம் அங்கே இருக்க வேண்டும்.